இரண்டு டிக்கெட்டுகள், இரண்டு முனையங்கள்: மூன்று மணி நேரம் போதுமா?

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் அம்மா, உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகத் திருச்சிக்குத் தனியாகச் செல்கிறார். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து திருச்சிக்கு வேறொரு நிறுவனத்திலும், விலை குறைவு என்பதால் தனித்தனியே டிக்கெட் எடுத்துவிட்டேன். முதல் விமானம் பிற்பகல் 1 மணிக்கு முனையம் 1இல் இறங்கும். அடுத்தது 4 மணிக்கு முனையம் 2இலிருந்து புறப்படும். நேரம் போதுமா? பெட்டியைப் பினாங்கிலேயே திருச்சி வரை அனுப்ப முடியுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பெட்டியை அப்படி அனுப்ப முடியாது. இரண்டு பயணங்களும் ஒரே பதிவில் இருந்தாலோ, நிறுவனங்களுக்கிடையே அதற்கான உடன்பாடு இருந்தாலோதான் பெட்டி நேரே திருச்சிக்குப் போகும். உங்கள் அம்மா அதைக் கோலாலம்பூரில் எடுத்து, முனையம் மாறி, மீண்டும் ஒப்படைக்க வேண்டும்.

நேரத்தை விமானம் புறப்படும் மணியிலிருந்து கணக்கிடாமல், பயணிகள் பதிந்து பெட்டியை ஒப்படைக்கும் முகப்பு மூடப்படும் மணியிலிருந்து கணக்கிடுங்கள். அனைத்துலகப் பயணத்திற்கு முகப்புகள் பொதுவாக ஒரு மணி நேரத்திற்கு முன்பே மூடப்படுவதால், உங்கள் மூன்று மணி நேரம் அங்கேயே இரண்டாகிவிடுகிறது. விமானத்தை விட்டு இறங்கிப் பெட்டி வரும்வரை காத்திருக்க முக்கால் மணி நேரத்தை ஒதுக்குங்கள். முனையங்களுக்கிடையே ரயில் ஓடுவது மூன்று நிமிடம்தான் என்றாலும், நடைமேடைக்குச் செல்வதும் ரயிலுக்குக் காத்திருப்பதும் சேர்ந்தால் அரை மணி நேரம் கரையும். எஞ்சுவது முக்கால் மணி நேரம். பினாங்கு விமானம் அவ்வளவு தாமதமானாலே பயணம் கைநழுவிவிடும். வலைவழிப் பதிவை முடித்திருந்தாலும் பெட்டியை ஒப்படைக்கவும் இந்திய விசாவைக் காட்டவும் முகப்பில் நின்றே ஆக வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது அவர் தனியாகச் செல்வதுதான். சக்கர நாற்காலி கேட்டிருந்தாலும், முதல் நிறுவனத்தின் உதவி அதன் முனையத்தோடு முடியும்; அடுத்த நிறுவனத்தின் உதவி அதன் முகப்பில்தான் தொடங்கும். இடைப்பட்ட தூரத்தில், கையில் பெட்டியோடு அவருக்குத் துணை யாரும் இல்லை. கோலாலம்பூரில் உறவினர் எவரேனும் இருந்தால், முனையம் 1இன் வருகை வாயிலில் அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

விமானத்தைத் தவறவிட்டால் இழப்பு உங்களுடையதே. மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் 2016 முதல் நடப்பில் உள்ளன. இரண்டு மணி நேரத் தாமதத்திற்கு உணவும், ஐந்து மணி நேரமானால் தேவைக்கேற்பத் தங்குமிடமும் உண்டு. ஆனால் அந்தப் பொறுப்பு தாமதமான விமானத்தோடு நின்றுவிடுகிறது. தனி டிக்கெட்டில் வாங்கிய அடுத்த பயணத்தைப் பொறுத்தவரை, உங்கள் அம்மா வராத பயணி மட்டுமே. திரும்பும் டிக்கெட்டும் அதே பதிவில் இருந்தால், சில நிறுவனங்கள் அதையும் ரத்து செய்துவிடும் என்பதால் நிபந்தனைகளை இப்போதே படித்துப் பாருங்கள். பயணக் காப்புறுதி எடுத்திருந்தால், தனி டிக்கெட்டுகளுக்கிடையே தவறிய இணைப்புக்கும் அது பொருந்துகிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள்.

என் யோசனை இதுதான்: கூடுதல் கட்டணம் செலுத்தியாவது முதல் விமானத்தைக் காலைக்கு மாற்றுங்கள். முடிந்தால், ஏர் ஏசியாவைப் போல முனையம் 2இல் இறங்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். முனையம் மாறும் வேலையே இராது. நீங்கள் பட்டர்வொர்த்தில் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. அம்மாவுடன் நீங்களே முதல் நாள் இடிஎஸ் விரைவு ரயிலில் கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்குச் சென்று இரவு தங்கிவிட்டால், மறுநாள் விமான நிலைய ரயில் அரை மணி நேரத்தில் முனையம் 2இல் கொண்டு சேர்க்கும். முகப்பு வரை அவருடன் நீங்களும் இருக்கலாம்.

திரும்பும் பயணத்தில் இவ்வளவு அச்சம் தேவையில்லை. உள்நாட்டு விமானம் தவறினாலும் பினாங்குக்கு அடுத்த விமானமோ பேருந்தோ கிடைக்கும். ஆயினும் குடிநுழைவுச் சோதனையும் பெட்டிக்கான காத்திருப்பும் அப்போதும் இருப்பதால், இடையில் நான்கு மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள்.