கேள்வி - பதில்: உள்ளே போய் வந்தவர்கள்

கேள்வி: திருட்டுக்கு 3 வருடம், அடிதடிக்கு 5 வருடம் என்று விடுவதால்தானே பயமே இல்லை? எல்லாவற்றுக்கும் 20 வருடம் போட்டால் என்ன?

பதில்: போடலாம். ஆனால் திருடப் போகிறவன் சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக் கணக்குப் போட்டுவிட்டா போகிறான்? மாட்ட மாட்டோம் என்ற நினைப்பில்தான் போகிறான். தண்டனை எவ்வளவு கொடூரம் என்பதைவிட, தப்பாமல் கிடைக்கும் என்பதுதான் ஆளைத் தடுக்கும் என்று இத்தாலிக்காரர் செசாரே பெக்காரியா 1764-லேயே எழுதிவிட்டார். பின்னாளில் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அவர் பக்கம்தான். 10 வருடத்தை 20 ஆக்கினால் பயம் இரட்டிப்பாவதில்லை, செலவுதான் இரட்டிப்பாகிறது. அதுவும் தவிர, குற்றங்களில் பெரும்பங்கு பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் நடப்பவை, வயது ஏற ஏற தானாகவே குறைந்துவிடும். சிலரை நெடுங்காலம் உள்ளே வைத்துத்தான் ஆகவேண்டும், அதை நான் மறுக்கவில்லை. எல்லோரையும் அல்ல.

கேள்வி: நார்வேயில் கைதிக்கு டிவியோடு தனி அறையாமே! பாதிக்கப்பட்டவருக்கு இது அநியாயம் இல்லையா?

பதில்: அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 2010-ல் திறந்த ஹால்டன் சிறையைச் சுற்றியும் உயரமான மதில் இருக்கிறது, இரவானால் அறையைப் பூட்டத்தான் செய்கிறார்கள். சுதந்திரத்தைப் பறிப்பதுதான் தண்டனை, அதற்கு மேல் வதைக்கத் தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. பொதுவாக அதிகபட்சம் 21 வருடம். ஆபத்தானவர் என்று தீர்ப்பானவரை மட்டும் அதற்குப் பிறகும் ஐந்தைந்து வருடமாக நீட்டித்து வைத்திருக்க முடியும். அங்கே விடுதலையானவர்களில் இரண்டு வருடத்துக்குள் மறுபடி தண்டனை பெறுபவர் சுமார் 20 சதவீதம். அமெரிக்காவில் 2005-ல் வெளிவந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் மூன்று வருடத்துக்குள் மறுபடி கைதானார்கள். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள், பலர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள்: ஒன்று மறுபடி தண்டனை, மற்றொன்று வெறும் கைது, காலமும் வேறு.

கேள்வி: தறிகெட்டுத் திரியும் பையன்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் திருந்த மாட்டார்களா?

பதில்: 1970-களில் அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள், ஆயுள் கைதிகளை விட்டே மிரட்டவும் வைத்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தால், போகாத பையன்களைவிடப் போய் வந்தவர்கள்தான் அதிகக் குற்றம் செய்திருந்தார்கள். வேண்டாம்.

கேள்வி: வேலை கேட்டு வந்தவர் நான்கு வருடம் உள்ளே இருந்ததை அவரே சொல்லிவிட்டார். சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: மறைக்காமல் சொன்னாரே, அதுவே ஒரு தகுதி. என்ன குற்றம், வெளியே வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நேராகவே கேளுங்கள். ஆறேழு வருடம் எந்த வம்புக்கும் போகாமல் இருந்துவிட்டவர் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு, வழக்கே இல்லாதவருக்கு உள்ளதை நெருங்கிவிடுகிறது என்று 2006-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இவர் இப்போதுதான் வந்தவர் என்றால் கஷ்டகாலமே இதுதான்: தங்க இடம் இருக்காது, அடையாள அட்டை காலாவதியாகியிருக்கும், பழைய கூட்டாளி மட்டும் சரியாக வந்து நிற்பான். போதைப் பழக்கம் இருந்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆய்வில், விடுதலைக்குப் பின் முதல் இரண்டு வாரத்தில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் மேல், அதிகம் பேர் இறந்தது போதைமருந்து அளவு மீறியதால்.

பண மோசடியில் போனவர் என்றால் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள், வேறு வேலை கொடுங்கள். மற்ற ஊழியர்களிடம் அவர் கதையைச் சொல்ல வேண்டியதில்லை, விரும்பினால் அவரே சொல்லட்டும். அப்புறம், கையெழுத்துப் போடப் போகவேண்டிய நாட்களில் சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்பிவிடுங்கள்.