பால் பத்தலையா, புள்ள குடிக்கலையா?

கேள்வி: அக்கா, நான் காசிமேடு. மொதல் பையன், பொறந்து 35 நாள் ஆச்சு. பொறக்கும்போது 2.9 கிலோ, நாலாவது நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது 2.7, நேத்து எடை போட்டா 3.2 தான். பக்கத்து வீட்டு புள்ள இதே வயசுல 4 கிலோ இருக்கு. ஒரு பக்கம் பத்து நிமிஷம், அந்தப் பக்கம் பத்து நிமிஷம்னு டைம் பாத்து தான் குடுக்குறேன், பாதியிலயே தூங்கிடுறான். ராத்திரி பத்து மணிக்கு தூங்குனா நாலு மணி வரைக்கும் எழுந்திருக்கவே மாட்டான், அதுல சமத்து. அத்தை, உனக்கு பால் பத்தல டப்பா பால் குடுன்னு சொல்லிக்கினே இருக்காங்க, தெனமும் சுறா புட்டு வேற. என்ன பண்றது?

பதில்: அந்த ஆறு மணி நேர தூக்கம் தான்மா எனக்கு உறுத்துது. பக்கத்து வீட்டு புள்ளய விடுங்க, உங்க பையன் கணக்க மட்டும் பாப்போம். பொறந்த குழந்தை மொதல் சில நாள்ல கொஞ்சம் எடை குறையும், அது சகஜம், அதனால அந்த 2.7-ல இருந்து தான் எண்ணணும். 31 நாள்ல 500 கிராம், நாளுக்கு 16 கிராம் மாதிரி வருது. இந்த வயசுல 20-ல இருந்து 30 கிராம் ஏறணும். அதனால அத்தை பயப்படுறதுல நியாயம் இருக்கு, ஆனா பால் பத்தலன்னு இப்பவே முடிவு கட்ட முடியாது, இருக்குற பால அவன் இழுத்து குடிக்கிறானான்னு தான் மொதல்ல பாக்கணும்.

கடிகாரத்த தூக்கி வைங்க. காம்பு மட்டும் இல்லாம கருப்பு வட்டத்துல பெரும்பகுதி வாய்க்குள்ள போகணும், தாடை மார்ல ஒட்டி இருக்கணும், முழுங்குற சத்தம் உங்க காதுல விழணும். சப்பிக்கிட்டே இருக்கான் ஆனா முழுங்கலன்னா அவன் குடிக்கல, அவ்ளோ தான். அப்போ மார கையால மெதுவா அமுக்கி விடுங்க, பால் வந்ததும் மறுபடி முழுங்குவான். தூங்குனா சட்டைய கழட்டி உங்க நெஞ்சோட ஒட்டி போடுங்க, பாதத்த தேய்ச்சு விடுங்க. ஒரு பக்கம் நல்லா காலியானதும் தான் அடுத்த பக்கம், கடைசியா வர்ற பால்ல தான் கொழுப்பு ஜாஸ்தி. 24 மணி நேரத்துல 8-ல இருந்து 12 தடவ குடுக்கணும், எடை ஒழுங்கா ஏறுற வரைக்கும் ராத்திரியும் மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுப்பியே ஆகணும், சமத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

குடிச்சு முடிச்சதும் மிச்சத்த கையால பீய்ச்சி, சங்கு மாதிரி இருக்குற பாலாடை கிண்ணத்துல குடுங்க, பாட்டில் வேணாம். மார்ல இருந்து எவ்ளோ பால் வெளிய போகுதோ அவ்ளோ தான் மறுபடி ஊறும், டப்பா பால்ல வயித்த ரொப்பிட்டா இங்க ஊறுறதும் கொறஞ்சிடும். டாக்டரே எடைய பாத்துட்டு கொஞ்ச நாளைக்கு டப்பா பால் சேர்த்து குடுங்கன்னு சொன்னா குடுங்க, தப்பே இல்ல. ஆனா சர்க்கரை தண்ணி, உரை மருந்து, கழுதைப்பால் எதுவும் கூடாது, வெறும் தண்ணி கூட ஆறு மாசம் வரைக்கும் வேணாம்.

இந்த வாரத்துக்குள்ள குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி ரெண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரியுமே உங்களுக்கு பக்கம் தான். நாக்கு அடியில ஒட்டி இருக்கா, யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கான்னு பாப்பாங்க. எடை போடும்போது துணி இல்லாம, ஒவ்வொரு தடவயும் அதே மெஷின்ல போடுங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு கம்மியா ஒண்ணுக்கு போனாலோ, அது அடர் மஞ்சளா இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, எழுப்பியும் எழும்பலன்னாலோ வாரமெல்லாம் காத்திருக்காதீங்க, உடனே கிளம்புங்க.

அப்புறம் அந்த சுறா புட்டு. ஆசைக்கு எப்பவாச்சும் ஒரு நாள் சரி, தெனமும் வேணாம்மா, சுறால பாதரசம் ஜாஸ்தி. காசிமேட்டுல நெத்திலிக்கும் மத்திக்கும் பஞ்சமா, அத குழம்பு வைக்க சொல்லுங்க. ராத்திரி ஒரு மணிக்கு உங்கள எழுப்பி விட்டு, குடிச்சதும் பையன தோள்ல போட்டு ஏப்பம் விட வைக்கிற டியூட்டிய வூட்டுக்காரர்கிட்ட குடுங்க.