தாயின் உடல் பருமனும் ப்ரீ-எக்லாம்ப்சியாவும்: குழந்தையின் இதயத்துக்கு என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: கருவுற்றபோது என் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 33. எட்டாம் மாதத்தில் ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயரும் நோய்) வந்து, 34ஆவது வாரத்தில் சிசேரியனில் மகள் பிறந்தாள், எடை 1.8 கிலோ. இப்போது நான்கு வயது, நன்றாக இருக்கிறாள். அவளுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டுமா? அடுத்த குழந்தைக்கும் திட்டமிடுகிறோம்.

பதில்: மூச்சுத்திணறலோ வளர்ச்சிக் குறைவோ இல்லாமல், மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும்போது முணுமுணுப்பு ஒலியும் இல்லையென்றால், எக்கோ தேவையில்லை. ஆண்டுதோறும் இரத்த அழுத்தம் பார்ப்பதுதான் தேவை. பலரும் தவறவிடுவதும் அதைத்தான்.

ப்ரீ-எக்லாம்ப்சியாவில் நடப்பது இதுதான்: கர்ப்பத்தின் முற்பகுதியில் கருப்பையின் சுருள் தமனிகள் (நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தரும் குழாய்கள்) அகன்று தளர வேண்டும். அது சரிவர நிகழாதபோது நஞ்சுக்கொடிக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. அதிலிருந்து வெளியாகும் புரதங்கள் தாயின் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்க, கருவுக்கோ ஆக்சிஜனும் ஊட்டமும் குறைகின்றன. பருமனில் நிலைமை வேறு: தாயின் இரத்தத்தில் மிகும் குளுக்கோஸும் கொழுப்பும், கூடவே நீடிக்கும் அழற்சியும், கருவின் வளர்சிதை மாற்றத்தைப் பாதிக்கக்கூடும். பிஎம்ஐ 30ஐத் தாண்டினால் ப்ரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பே இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடுவதால், இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளின் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு (சிஸ்டாலிக்) மற்றவர்களைவிடச் சராசரியாக 2 மி.மீ. பாதரச அளவே கூடுதலாக இருந்தது. ஒரு குழந்தையிடம் இது கண்ணுக்கே தெரியாது என்றாலும், சிறுவயதில் கூடுதலாக இருக்கும் அழுத்தம் பெரியவரான பின்னும் தொடரும் போக்குடையது. இதற்கெல்லாம் மரபணுவும் குடும்பப் பழக்கமும்தானே காரணம் என்று கேட்கலாம், அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளிடம், அதற்கு முன் அவரே பெற்ற மூத்தவர்களைவிடப் பருமன் குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. ஆகவே கருப்பைச் சூழலுக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

மூன்று வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தம் பார்ப்பது பொது விதி. குழந்தை ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், முதுகு சாய்ந்து, வலது கை இதய மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். கையைச் சுற்றும் பட்டையின் காற்றுப்பை, மேற்கைச் சுற்றளவில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் சூழ வேண்டும். பட்டை சிறிதானால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும், பெரியவர்களுக்கான பட்டை இருப்பதைக் குறைத்துக் காட்டும். முடிவு கூடுதலாக வந்தால் வேறு நாட்களில் மீண்டும் அளந்து பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. 9 முதல் 11 வயதுக்குள் ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை போதும்.

எடை குறைவாகப் பிறந்தவளைத் தேற்றிவிட வேண்டும் என்ற ஆசையில் அளவுக்கு மீறி ஊட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சிறிதாகப் பிறந்து பின்னர் வேகமாக எடை கூடும் பிள்ளைகளுக்கே சர்க்கரை நோய், இதய நோய் அபாயம் அதிகம்; வளர்ச்சி அட்டையில் அவளது கோடு சீராக ஏறினால் போதும்.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே எடையைக் குறைப்பது நல்லது. கருத்தரித்ததும் முதல் சந்திப்பிலேயே பழைய விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினை 16ஆவது வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் முழுப் பயன். அதிக அபாயமுள்ள பெண்களிடம் 2017இல் வெளியான பரிசோதனையில், இரவுதோறும் 150 மி.கி. எடுத்தவர்களுக்கு 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க வைக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. உங்களுக்கு வந்ததும் அந்த வகையே. மருத்துவர் சொல்லாமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம். மகளுக்கு அழுத்தம் பார்க்கும் நாளில் உங்களுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த தாய்க்குப் பிற்காலத்தில் இதய நோய் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.