தமிழ் பேசினால் வேடர் இல்லையா?

ஐயா,

மூதூர் கிழக்கு வேடர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அவர்கள் எங்களைப் போலத் தமிழ்தான் பேசுகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். வில்லும் அம்பும் எங்கே? பதுளை மாவட்டத்துத் தம்பானையில் இருக்கும் வேடர்களைப் பழங்குடி என்றால் ஒத்துக்கொள்ளலாம். பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் இவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? பொருந்தினாலும் அந்தக் கடதாசியால் என்ன கிடைக்கப்போகிறது? திருகோணமலையில் காணி சம்பந்தமான வேலையில் இருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

ச., உப்புவெளி

அன்புள்ள ச.,

வில்லையும் அம்பையும் சர்வதேசச் சட்டம் கேட்பதே இல்லை. ஒரு மக்கள் கூட்டம் தன்னைப் பழங்குடியாக உணர்கிறதா என்பதைத்தான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயம் (1989) அடிப்படையான அளவுகோலாக வைக்கிறது. 2007 செப்டெம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனத்தின் 33ஆம் உறுப்புரையும் அதையேதான் சொல்கிறது. பாட்டாளிபுரம், நல்லூர், சந்தோசபுரம் பக்கத்து மக்கள் தங்களை வேடர் என்கிறார்கள். தேன் எடுக்கிறார்கள், களப்பில் மீன் பிடிக்கிறார்கள், இறந்த முன்னோரை அழைத்துச் சடங்கு செய்கிறார்கள். 1911இல் வெளிவந்த, மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியரின் ஆய்விலேயே கரையோர வேடர்கள் இருக்கிறார்கள். அப்போதே அவர்களில் பலர் தமிழ் பேசினார்கள். நீ யார் என்று இன்னொருவர் நமக்குச் சொன்னபோது தமிழர்களாகிய நமக்கு எவ்வளவு வலித்தது! நம்மைவிடச் சிறிய ஒரு சமூகத்துக்கு நாம் அதைச் செய்யக்கூடாது.

கடதாசி பற்றிய கேள்வி நியாயமானது. பிரகடனம் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இலங்கை உட்பட 144 நாடுகள் அதற்கு ஆதரவாக வாக்களித்தன, அவ்வளவுதான். 169ஆம் சமவாயத்தில் இலங்கை சேரவே இல்லை. ஆனால் 1980இல் சேர்ந்த குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கை நம்மைக் கட்டுப்படுத்தும். அதன் 27ஆம் உறுப்புரை சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமையைப் பற்றியது. கனடாவில் சாண்ட்ரா லவ்லேஸ் என்ற பழங்குடிப் பெண் வெளியார் ஒருவரை மணந்ததால், சட்டம் அவருடைய பழங்குடி அந்தஸ்தைப் பறித்தது. ஓர் ஆண் அப்படி மணந்தால் பறிக்காது. மணவாழ்வு முறிந்த பிறகு சொந்த ஊரில் குடியிருக்கவும் அவருக்கு உரிமை இருக்கவில்லை. ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டார். 1981இல் குழு, 27ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்றது. 1985இல் கனடா சட்டத்தைத் திருத்தியது.

அந்த உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இலங்கை சேர்ந்தபோது, அப்படி முறையிடும் வழி நமக்கும் 1997இல் திறந்தது. 2006இல் நம் உயர் நீதிமன்றம், அந்த நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்துவிட்டது. மூதூர்ப் பெண் ஒருத்தி இன்று ஜெனீவாவில் உள்ள அந்தக் குழுவுக்கு எழுதி வென்றாலும், அந்த முடிவை இங்கே செல்லுபடியாக்குவது மிகக் கடினம். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதனால்தான் உங்கள் வேலை முக்கியமாகிறது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது, நீங்கள் ஒத்துக்கொள்ளும் தம்பானை வேடர்களுக்கே அவர்களுடைய காடு தடைசெய்யப்பட்ட இடமாகிப் போனது. மூதூர் கிழக்கிலோ 2006 போரில் ஊர்கள் முழுதாக இடம்பெயர்ந்தன. தலைமுறைகளாக நடந்து திரிந்த காட்டுக்கு அவர்களிடம் காணி உறுதிப் பத்திரம் எங்கே இருக்கும்? உறுதி இல்லை, ஆகவே அரச காணி என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். வழக்கமாகப் பயன்படுத்திவந்த நிலத்துக்கும் உரிமை உண்டு என்கிறது பிரகடனத்தின் 26ஆம் உறுப்புரை. நிர்வாக முடிவுக்கு முன்பே அவர்களுடைய சம்மதத்தைக் கேட்கச் சொல்கிறது 19ஆவது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அந்தப் பக்கத்தில் எல்லைக்கல் போட, வேலி அடைக்க என்று ஒரு கோப்பு வந்தால், கையெழுத்துக்கு முன் அந்த ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். எந்தக் காட்டில் தேன் எடுக்கிறார்கள், எந்த வழியால் களப்புக்குப் போகிறார்கள் என்று கேட்டு அதையும் கோப்பில் எழுதுங்கள். கொழும்பு 169இல் சேரும்வரை இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.