நூலகச் சேவையின் தரத்தை அளப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி நூலகர்): எங்கள் வாசகர் கருத்துக்கணிப்பில் 9-க்குச் சராசரியாக 7 மதிப்பெண் கிடைத்தது. நிறைவு கொள்ளலாமா ஐயா?

பதில்: வாசகர் எதை எதிர்பார்த்தார் என்று கேட்காதவரை அந்த 7-க்குப் பொருளில்லை. லிப்குவால் என்னும் கருத்துக்கணிப்பு தன் 22 கேள்விகள் ஒவ்வொன்றிலும், பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைந்த அளவு, விரும்பும் அளவு, இப்போது கிடைக்கும் அளவு ஆகிய மூன்றையும் 1 முதல் 9 வரை மதிப்பிடச் சொல்கிறது. அமைதியான படிப்பிடத்துக்கு வாசகர் குறைந்தது 7.3 கேட்டு 7 பெற்றால், உங்கள் நூலகம் அவருடைய பொறுமையின் எல்லைக்கும் கீழே, மைனஸ் 0.3-இல் நிற்கிறது, நூலிரவலுக்கு 5.5 போதும் என்றிருந்து அதே 7 கிடைத்தால் 1.5 கூடுதல். முதலில் கவனிக்க வேண்டியது படிப்பிடத்தை என்பதைச் சராசரி மறைத்துவிடும்.

கேள்வி (ஆய்வு மாணவி): சேவைத் தரத்தை அளக்கும் செர்வ்குவால் என்னும் கருத்துக்கணிப்பும் லிப்குவாலும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது. சென்னை ஐஐடியில் பயின்ற பரசுராமன், ஸைத்தாம்ல், பெர்ரி ஆகியோருடன் சேர்ந்து 1988-இல் வெளியிட்ட செர்வ்குவால், வங்கி போன்ற வணிகச் சேவைகளுக்காக உருவானது. அமெரிக்க ஆய்வு நூலகங்களின் கூட்டமைப்பும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் அதை நூலகத்துக்கு ஏற்ப மாற்றி, 2000-இல் லிப்குவாலின் முன்னோட்டத்தை நடத்தின. ஊழியர் அணுகுமுறை, தகவலைத் தானே தேடிப் பெறும் வசதி, நூலகம் என்னும் இடம் ஆகியவையே லிப்குவாலின் மூன்று கூறுகள். ஆய்வேட்டில் இரண்டின் கூறுகளையும் கலந்துவிடாதீர்கள்.

கேள்வி (துறைத் தலைவர்): வருகைப் பதிவேடு போதாதா?

பதில்: போதாது. தேர்வுக் காலக் கூட்டம் நாற்காலிக்காகவும் வரும்.

கேள்வி (சிற்றூர்க் கல்லூரி நூலகர்): எங்களுக்கு நிதியும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை.

பதில்: கணினிப் பட்டியல் 'இருப்பில் உள்ளது' என்று காட்டும் 50 நூல்களை, அண்மையில் வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து குறித்துக்கொண்டு, அடுக்குகளில் நீங்களே தேடிப் பாருங்கள். எத்தனை கிடைத்தன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவதை இதைவிட எளிதாகச் சோதிக்க இயலாது. நாங்கள் இதைச் செய்தபோது, தொலைந்துவிட்டதாக நினைத்த நூல்களில் பல, வாசகர் திருப்பித் தந்த பின் அடுக்கப்படாமல் தள்ளுவண்டியிலேயே கிடந்தன. மறுவாரம் முதல் காலையில் கதவைத் திறக்குமுன் வண்டியைக் காலி செய்யத் தொடங்கினோம்.