காற்றுக் கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அரை இன்ச் இம்பாக்ட் ரெஞ்ச் (காற்றின் பலத்தில் அடித்தடித்து நட்டைத் திருகும் கருவி) சும்மா ஓட்டினால் நன்றாகச் சுற்றுகிறது, நட்டில் மாட்டினால் திணறுகிறது. கம்ப்ரஸர் மீட்டர் 120 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டுகிறது. உள்ளே காற்று தள்ளிச் சுற்றவைக்கும் தகடுகளை, அதாவது வேன் செட்டை, மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த மீட்டர் சொல்வது டாங்கில் உள்ள அழுத்தம். ரெஞ்சுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று தெரிய, கருவிக்குச் சற்று முன்னால் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு மீட்டரை மாட்டுங்கள். ட்ரிகரை முழுதாக அழுத்தியபடியே பாருங்கள். பெரும்பாலான ரெஞ்சுகளுக்கு ஓடும்போது 90 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 6.2 பார் நிற்க வேண்டும். அழுத்தியதும் 60-க்குச் சரிந்தால் கோளாறு ரெஞ்சில் இல்லை, காற்று வரும் வழியில். ஹோஸின் உள்விட்டம் கால் இன்ச் என்றால், அழுத்தம் சரிய அது ஒன்றே போதும். 3/8 இன்ச் போடுங்கள். வரிசையாக மாட்டிய கப்ளர் (ஹோஸ் இணைப்பான்) ஒவ்வொன்றும் கொஞ்சம் அழுத்தத்தை விழுங்கும். கருவியின் வாயில் உள்ள வலையில் துரு, டெஃப்லான் டேப் துணுக்கு அடைந்திருக்கும். அந்த வலையையே கழற்றி எறிந்துவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அடுத்த துணுக்கு நேராக, வேன்கள் செருகியிருக்கும் சுழல் உருளையான ரோட்டாருக்குப் போகும்.

காற்று சரியாக இருந்தும் திணறினால் சாக்கெட்டைப் பாருங்கள். சதுரத் துளை தேய்ந்திருந்தாலோ, நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தாலோ அடியின் வேகம் அதிலேயே கரைந்துவிடும். பிறகுதான் முன்பக்கத்தைத் திறந்து, ஹேமரின் (அடிக்கும் பாகம்) பல்லும் ஆன்விலின் (அடி வாங்கி சாக்கெட்டைத் திருப்பும் தண்டு) விளிம்பும் உருண்டு போயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: மாதக்கணக்கில் சும்மா கிடந்த டை கிரைண்டரில் (சிறு கல் மாட்டித் தேய்க்கும் கருவி) காற்று வெளியேறுகிறது, சுற்றவில்லை. திறந்து கிரீஸ் வைக்கலாமா?

பதில்: கிரீஸ் கூடவே கூடாது. அது கியருக்கும் ஹேமருக்கும் உரியது. வேனில் பட்டால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். இப்போதே வேன்கள் ரோட்டார் காடிக்குள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. வேன் வெளியே வந்து சிலிண்டர் சுவரைத் தொட்டால்தான் காற்று அதைத் தள்ள முடியும். பழைய எண்ணெய் பிசினாகிப் பிடித்திருக்கும், அல்லது தண்ணீரில் வேன் உப்பியிருக்கும்.

ஹோஸைக் கழற்றி, ட்ரிகரை அழுத்தி மிச்சக் காற்றை வெளியேற்றுங்கள். கல்லையும் அதைப் பிடிக்கும் காலெட்டையும் எடுத்துவிடுங்கள். காற்று நுழையும் வாயில் 10 சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு, ஸ்பிண்டிலை ஸ்பேனரால் இருபுறமும் திருப்பி, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் எக்ஸாஸ்ட் (காற்று வெளியேறும் வாய்) மேல் துணியைத் தளர்வாகப் போட்டு, குறைந்த அழுத்தத்தில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். கருப்புக் கசடு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பிரிக்க வேண்டியதுதான். வேனின் எந்த விளிம்பு வெளிப்பக்கம் இருந்தது என்று குறித்துவைத்து எடுங்கள். காடிகளை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவையுங்கள். வேன் தன் எடையிலேயே காடிக்குள் வழுக்கி விழ வேண்டும். ஒன்று விள்ளல் கண்டிருந்தாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். சிலிண்டரின் முனையை மூடும் எண்ட் பிளேட்டில் கீறல் இருந்தால், தட்டையான கண்ணாடி மேல் 400 எமரி பேப்பரை விரித்து, எண்ணெய் தொட்டு, எட்டுப் போடுவதுபோல் தேய்த்து எடுக்கலாம்.

கேள்வி: ட்ரிகரை விட்ட பிறகும் 'ஸ்ஸ்' என்று காற்று கசிகிறதே?

பதில்: வால்வு உட்காரும் சீட்டில் தூசி, அல்லது ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) வெடிப்பு. வால்வைக் கழற்றித் துடைத்து, அதே அளவில் புது ரிங் போடுங்கள். பெட்ரோலில் கழுவாதீர்கள், ரப்பர் உப்பும்.

கேள்வி: எக்ஸாஸ்ட் வாயில் பனி படிகிறது.

பதில்: பழுதில்லை. விரியும் காற்று குளிர்கிறது, அதிலுள்ள ஈரம் உறைகிறது. டாங்கின் அடி வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.