தாத்தா பீடி குடித்தும் 90 வயது வாழ்ந்தாரே, டாக்டர்?

எங்கள் தாத்தா நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடித்தவர். 90 வயது வரை திடமாக நடமாடினார். புகை எல்லோருக்குமா கெடுதல்?
- வாசகர், திருநெல்வேலி

இந்தத் தாத்தா இல்லாத ஊரே கிடையாது. அவரோடு சேர்ந்து பீடி பற்றவைத்தவர்களில் எத்தனை பேர் 60-ஐத் தாண்டினார்கள் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. சீக்கிரம் போனவர்களை யார் உதாரணம் காட்டப்போகிறார்கள்?

அதனால்தான் நாங்கள் ஒரு தாத்தாவை விட்டுவிட்டு ஊரையே எண்ணுகிறோம். 1951-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டன் மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதில் எழுதியவர்களில் 34,439 ஆண் மருத்துவர்களை அந்த ஆய்வு 50 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சிகரெட்டை விடாதவர்கள், தொடாதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டு முன்னதாகவே இறந்தார்கள். சராசரி என்பதால் அதில் 90-ஐத் தொட்டவரும் உண்டு, 45-இல் போனவரும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்று எந்த டாக்டராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் 40 வயதில் விட்டவர்களுக்கு இழக்கவிருந்த ஆயுளில் 9 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. 50-இல் விட்டவர்களுக்கு 6. 60-இல் விட்டவர்களுக்குக்கூட 3. நீங்களும் குடிப்பவராக இருந்தால் (கேள்வியின் தொனி அப்படித்தான் இருக்கிறது) தாத்தாவை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

வெற்றிலை பாக்கு மட்டும்தான் போடுகிறேன், புகையிலை சேர்ப்பதில்லை. பயமில்லைதானே?
- வாசகி, கும்பகோணம்

பயம் உண்டு. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. கண்ணாடி முன் நின்று, உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, கொஞ்சம் காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றாலோ இந்த வாரமே பல் மருத்துவரைப் பாருங்கள்.

சாசேஜும் சிகரெட்டும் ஒரே புற்றுநோய்ப் பட்டியலில் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. 18 சதவீத ஆபத்தாமே?
- வாசகர், கோவை

பட்டியல் உண்மை. அதே புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியல் அது; சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி 2015-இல் அதில் சேர்ந்தது. ஆனால் அது சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிடுவோருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. 18 சதவீதம் என்றதும் 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய ஊரில் அது ஏறக்குறைய 6 ஆகும், அவ்வளவுதான். சதவீதம் கண்ணில் பட்டால் 'எதில் சதவீதம்?' என்று கேளுங்கள். எப்போதோ ஒருநாள் சாப்பிடுகிறவர் தூக்கம் கெட வேண்டியதில்லை.

காபி நல்லதா, கெட்டதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
- வாசகி, சென்னை

பழைய ஆய்வுகள் பல காபியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. நிறையக் காபி குடிப்பவர்களில் பலர் கூடவே புகைப்பவர்களாகவும் இருந்தார்கள். சிகரெட் செய்த வேலைக்குக் காபி பழி சுமந்தது. 1991-இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சந்தேகித்த அதே புற்றுநோய் ஆய்வு முகமை, 2016-இல் அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னது: 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால், எந்தப் பானமானாலும் சரி, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரக்கூடும். டவராவில் ஆற்றிக் குடியுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்கு?
- வாசகர், கிருஷ்ணகிரி

தொந்தரவு தெரிகிற வரை பிரஷர் காத்திருப்பதில்லை. பலருக்குப் பக்கவாதமோ மாரடைப்போதான் முதல் அறிகுறி. உலகின் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்பே வந்திருந்தது. வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். பார்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பு காபியோ பீடியோ வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்துப் பேசாமல் உட்கார்ந்துவிட்டுக் கையை நீட்டுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் இன்னொரு நாளும் பார்க்கச் சொல்லுங்கள்.